மும்பையில் ஒரே ஒரு மாலை: ரூ. 6,400 முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலையாகவோ விசேஷத்துக்காகவோ மும்பைக்குப் போய், ஊர் திரும்புவதற்கு முன் ஒரே ஒரு மாலை மட்டும் ஓய்வாகக் கிடைத்து, "ஐந்து மணி நேரத்தில் தென் மும்பை" என்று இணையத்தில் விற்கப்படும் கார்ச் சுற்றுலாவை முன்பதிவு செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற வாரம் அப்படி ஒரு சுற்றுலாவுக்கு நான் கட்டிய தொகை ரூ. 6,400. பணத்தையாவது திரும்பக் கேட்டுப் போராடலாம். என் அம்மாவிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த மாலையை யாரிடம் கேட்பது? நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, மும்பையில் ஒரு மாலையை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதையும் பதிவின் முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

தாணேயில் உறவினர் வீட்டுத் திருமணத்தை முடித்துக்கொண்டு அம்மாவும் நானும் மாதுங்காவில் தங்கியிருந்தோம்; மறுநாள் ஊருக்கு ரயில். என் அப்பா திருமணத்துக்கு முன் சில காலம் பம்பாயில் வேலை பார்த்தவர். மரீன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்தது, இருட்டியதும் கரை வளைவு முழுவதும் விளக்குகள் எரிந்தது, 1948இல் பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு கேட்வே ஆஃப் இந்தியா வளைவின் வழியாகத்தான் வெளியேறியது என்றெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கு அந்த இரண்டு இடங்களும் பார்க்காமலே மனப்பாடம். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி வேறு. ஆகவே கார் ஏற்பாடு செய்வது என்று முடிவெடுத்தேன்.

பேருந்து, விடுதி, சுற்றுலா என எல்லாவற்றையும் முன்பதிவு செய்து தரும் பெரிய பயண இணையதளம் ஒன்றில் இந்தச் சுற்றுலாவைப் பார்த்தேன். குளிர்சாதனக் கார், தமிழ் பேசும் வழிகாட்டி, கேட்வேயில் படகுச் சவாரி, மரீன் டிரைவில் சூரிய அஸ்தமனம், விளக்கொளியில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையம், எலிஃபண்டா தீவுக் குகைகள், நுழைவுக் கட்டணம் உட்பட இருவருக்கு ரூ. 6,400 என்று போட்டிருந்தது. பணம் கட்டுவதற்கு முன் அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார். "மேடம், நமக்கும் மதுரைப் பக்கந்தான். அம்மாவுக்கு மூட்டுவலியா? எங்க அம்மாவுக்கும் அதேதான். எங்கேயும் ரொம்ப நடக்க விடமாட்டோம், வாசல் வரைக்கும் வண்டி வரும். சன்செட்டை அம்மா பார்த்தே ஆகணும், அது என் பொறுப்பு" என்றார். நான் கேட்காமலேயே, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, இடையில் ஏதாவது சாப்பிட வேண்டுமா என்று விசாரித்தார். அந்நிய ஊரில், வயதான தாயை அழைத்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு நிமிடப் பேச்சு எவ்வளவு பெரிய தைரியத்தைக் கொடுக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்கள். ஃபோனை வைத்த கையோடு ரூ. 6,400 முழுவதையும் கட்டினேன்.

மூன்றரை மணிக்கு வர வேண்டிய கார் ஐந்து மணிக்குப் பிறகு வந்தது. அதில் வழிகாட்டி இல்லை, தமிழ் தெரிந்த எவரும் இல்லை. கேட்டதற்கு, வழிகாட்டி கொலாபாவில் ஏறிக்கொள்வார் என்று ஓட்டுநர் இந்தியில் சொன்னார். பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே சூரியன் ஆறரை மணி வாக்கில் மறைந்துவிடும். அதனால் நேராக மரீன் டிரைவுக்குப் போகும்படி நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே அவர் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு கைவினைப் பொருள் கடை.

அந்தக் கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. நாங்கள் உள்ளே நுழையும்போதே, வாசல் மேசையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்து, ஒரு நீளமான நோட்டில் கார் எண்ணையும் "2" என்பதையும் ஓட்டுநர் எழுதிக் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். அதற்காகத்தான் நாங்கள் அங்கே. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, வலிக்கும் முழங்காலின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சால்வைகளை விரித்துப் போட்டார்கள். எழுந்தால், "ஒன்றே ஒன்று பாருங்கள் அம்மா" என்று அடுத்த கட்டைப் பிரித்தார்கள். வெளியே வந்து பார்த்தால் காரும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. அழைத்தால், பார்க்கிங் இல்லாததால் தள்ளி நிற்பதாகவும் இதோ வருவதாகவும் பதில். அவர் வந்து சேர்ந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்ல அதிகம் இல்லை. கேட்வேயில் அன்றைய படகுகள் முடிந்துவிட்டன. மரீன் டிரைவில் வண்டியை நிறுத்தவே இல்லை. ஓடும் காரின் கண்ணாடி வழியாக அம்மா அந்த விளக்குகளைப் பார்த்தார். "இதுதானா அப்பா சொன்னது?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். எட்டு மணிக்கு எங்களை விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வழிகாட்டி கடைசி வரை வரவே இல்லை.

அன்று இரவே அந்த மதுரைக்காரரை அழைத்தேன். எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இணையதளத்தின் உரையாடல் பெட்டியில் முறையிட்டதற்கு, புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரம் காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். தாங்கள் இடைத்தரகர் மட்டுமே, சேவைக்கு உள்ளூர் நிறுவனம்தான் பொறுப்பு என்று பதில் வந்தது. உள்ளூர் நிறுவனத்தைக் கேட்டால், பணம் வாங்கியவர்களைக் கேளுங்கள் என்றார்கள். பிறகு, கார் எல்லா இடங்களுக்கும் சென்றதை ஜிபிஎஸ் பதிவு காட்டுவதால் சேவை நிறைவேறியது என்று ஒரு மின்னஞ்சல். எலிஃபண்டாவுக்கும் கார் கடல்மேல் சென்றதா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. கடைசியில், அடுத்த பயணத்துக்கு ரூ. 500 தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். ரூ. 6,400 வாங்கிக்கொண்டு, மறுபடியும் அவர்களிடமே செலவழிப்பதற்கு ரூ. 500!

விரிவாக எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைகளை ஆத்திரம் எழுத விடவில்லை. அவசியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட்வேக்கும் மரீன் டிரைவுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று யாராவது எழுதியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். எலிஃபண்டாவுக்குப் படகில் போகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. மாலைச் சுற்றுலாவில் அதைச் சேர்ப்பது பொய். மாதுங்காவிலிருந்து சிஎஸ்எம்டிக்கு ஸ்லோ லோக்கலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் பத்து ரூபாயைத் தாண்டாது. மாலையில் கூட்டம் எதிர்த் திசையில்தான் இருக்கும், திரும்பும்போது மட்டும் நெரிசல் தணியும்வரை பொறுங்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் மீட்டர் போடும் கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறுங்கள். தென் மும்பைக்குள் ஆட்டோ வராது. முதலில் சூரியன், பிறகு மற்றவை. கடை வாசலில் வண்டி நின்றால் இறங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் செய்த மறுநாளே எலிஃபண்டா என்ற வரியை நீக்கிவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அங்கே புகார் கொடுத்திருக்கிறேன், அட்டை வழியாகக் கட்டியதால் வங்கியிலும் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறேன். கூப்பன் எனக்கு வேண்டாம், ரூ. 6,400 முழுவதும் என் கணக்குக்கு வந்தாக வேண்டும். இதே போன்ற சுற்றுலாவில் பணத்தை இழந்தவர்கள் இருந்தால் நீங்களும் 1915இல் பதிவு செய்யுங்கள்.