ஷார்ட்கட் கீ இருக்கட்டும், முதலில் இன்னொரு மானிட்டர் வாங்குங்கள்

கணக்கு வேலையைச் சீக்கிரம் முடிக்க வழி கேட்டால், எல்லோரும் ஷார்ட்கட் கீ பட்டியலைத்தான் நீட்டுவார்கள். ஈரோட்டில் ஜவுளி, மஞ்சள் பார்ட்டிகளின் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நமக்கு நேரம் போவது என்ட்ரி அடிப்பதில் அல்ல. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போவோம், பாதியில் மறந்துபோய்த் திரும்பவும் ஸ்டேட்மென்ட்டைத் திறப்போம். அங்கேதான் போகிறது.

அதனால் இத்தனை நாளில் அதிகம் பலன் கொடுத்தது இரண்டாவது மானிட்டர்தான். புதிதுகூட வேண்டாம், ஆபீஸில் சும்மா கிடக்கும் பழையது போதும். இடது பக்கம் ஸ்டேட்மென்ட், வலது பக்கம் டேலி. விண்டோஸ், ஷிப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ அடுத்த திரைக்குத் தாவும். லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் தனி நம்பர் பேடுள்ள கீபோர்டு ஒன்றையும் வாங்கிவிடுங்கள். மேல் வரிசை எண்களில் தொகை அடிப்பது வேண்டாத தண்டனை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

சரி, இப்போது ஷார்ட்கட். பேமென்ட், ரசீது, விற்பனை எனப் பதிவு வகைகளைத் திறக்கும் எஃப்4 முதல் எஃப்9 வரை டேலி பழகிய எவருக்கும் விரல் தானாகப் போகும். பலர் தொடாமல் விடுவது ஆல்ட்+2. மாதா மாதம் வரும் வாடகை வவுச்சரை, அதாவது பதிவை, டே புக் என்ற அன்றாடப் பதிவுப் பட்டியலில் தேர்ந்தெடுத்து ஆல்ட்+2 அழுத்தினால் அதன் நகல் திறக்கும். எஃப்2 அழுத்தித் தேதியை மாற்றி, நரேஷனில் (விளக்கக் குறிப்பில்) மாதத்தைத் திருத்தி, கன்ட்ரோல்+ஏ அடித்தால் முடிந்தது. அதே வகை வவுச்சரில் முன்பு எழுதிய நரேஷனை கன்ட்ரோல்+ஆர் கொண்டுவரும். லெட்ஜர் (தனிக் கணக்கு) இல்லாத புதுப் பார்ட்டி பில் வந்தால் என்ட்ரியை விட்டு வெளியே போக வேண்டாம், பெயர் கேட்கும் இடத்திலேயே ஆல்ட்+சி. டேலி பிரைமில் எந்த ரிப்போர்ட்டுக்கும் ஆல்ட்+ஜி.

உண்மையில் மாதம் முழுக்கத் தலைவலி கொடுப்பது ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு, அதாவது சப்ளையர்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றிய பில்களின் பட்டியலை நம் கொள்முதல் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள, முடியாது. 2பி வருவது 14-ஆம் தேதி, மாதாந்திர வரி ரிட்டர்னான 3பி தாக்கலுக்குக் கடைசி நாள் 20. நடுவில் இருப்பது ஒரு வாரம்கூட இல்லை. டேலியிலேயே இந்த ஒப்பீட்டு வசதி இப்போது இருக்கிறது. ஆனால் எங்கள் பார்ட்டிகளில் பாதிப் பேர் வேறு பில்லிங் மென்பொருளிலிருந்து எக்செல் ஷீட்டைத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு நான் நம்புவது எக்செல்லில் உள்ள பவர் குவெரி, பல ஃபைல்களின் தரவை எடுத்துச் சீராக்கி இணைக்கும் வசதி. பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பி-யையும் ஒருமுறை இணைத்து வைத்துவிட்டால், அடுத்த மாதம் ஃபைலை மாற்றி ரெஃப்ரெஷ் கொடுத்தால் போதும். ஒரே நிபந்தனை, பில் நம்பரை வைத்து இணைக்காதீர்கள். சப்ளையர் வருடம், சாய்கோடு, சைபர் எல்லாம் போட்டு நீளமாக ஏற்றியிருப்பார், நம் ஆள் வெறும் 45 என்று அடித்திருப்பார். ஜிஎஸ்டி எண், முழு ரூபாயாக்கிய வரிக்கு முந்தைய மதிப்பு, இந்த இரண்டையும் வைத்து இணைத்தால் பெரும்பாலானவை ஒட்டிவிடும். ஒட்டாமல் நிற்பதை மட்டும் கண்ணால் பார்க்கலாம்.

எக்செல்லில் ஒரு பொறியும் உண்டு. 15 இலக்கத்துக்கு மேல் அது எண்ணை நினைவில் வைக்காது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சைபராகிவிடும். 3-24 என்ற பில் நம்பரைத் தேதியாக்கிவிடும். கட்டத்தை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும். சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) நேராகத் திறக்காமல் பவர் குவெரி வழியாக எடுப்பதும் இதற்காகத்தான்.

விண்டோஸ்+வி-யும் நிலைத்துவிட்டது. கடைசியாக காப்பி செய்த 25 விஷயங்கள் வரை வரிசையாக இருக்கும், வேண்டியதை எடுத்து ஒட்டலாம். பார்ட்டியின் போர்ட்டல் பாஸ்வேர்டை காப்பி செய்தால் அதுவும் அங்கே உட்கார்ந்திருக்கும், பார்த்து அழித்துவிடுங்கள்.

விட்டுவிட்டவையும் உண்டு. எக்செல் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரலான மேக்ரோவை எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் அதைத் தொட ஆளில்லை. பவர் குவெரியில் ஒவ்வொரு படியும் வரிசையாகத் தெரிவதால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்கேன் செய்த பில்லைப் படித்து என்ட்ரி போடும் மென்பொருள் ஒன்றையும் வைத்துப் பார்த்தோம். அச்சடித்த பில்லுக்குப் பரவாயில்லை. மஞ்சள் மண்டியிலிருந்து வரும் கையெழுத்து பில்லில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் அதற்குப் பிடிபடவில்லை. சரிபார்க்கும் நேரத்தில் நம்பர் பேடிலேயே அடித்துவிடலாம், இப்போது அப்படித்தான் செய்கிறோம்.