92.5 வெள்ளி என்று விற்றார்கள், அரம் போட்டுப் பார்த்தால் உள்ளே ஜெர்மன் சில்வர்

வீட்டிலிருந்தே வெள்ளி மோதிரம் செய்யப் பழகுகிறவர்கள், முக்கியமாக நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள், அடுத்த தடவை தகடோ பட்டையோ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 15,000 ரூபாய் சொச்சம். அது போகட்டும். நான் செய்து கொடுத்த மோதிரத்தைப் போட்டு ஒரு பையனின் விரல் புண்ணாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வீடு தோவாளைப் பக்கம். ஆண்கள் மோதிரம் செய்யப் பழக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அடுக்களையை ஒட்டிய சாய்ப்பில் ஒரு பழைய மேசை, சின்ன கேஸ் டார்ச், நாலைந்து அரம், அறுக்கிற வில், மோதிர அளவுக் கம்பி, நைலான் சுத்தியல், இவ்வளவுதான் என் பட்டறை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று டார்ச் தீயை நிற்கவே விடாது. மூன்று பக்கமும் செங்கல் அடுக்கி மறைத்துக்கொண்டுதான் வேலை. முதல் ஆறு மாதம் செம்புக் கம்பியில் மட்டும் கை பழகினேன். கல் பதிக்காத நேர்பட்டை மோதிரம் என்றால் ஒரே ஒரு ஒட்டுதான், புதிதாகக் கற்பவருக்கு அதுதான் தோது. ஆனால் பட்டை கனமாக இருக்க வேண்டும், வெள்ளி நிறையப் பிடிக்கும். ஏமாற்றுகிறவனுக்கு அதுதான் வசதி.

போன வருடம் சித்திரையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆளின் எண் கிடைத்தது. 92.5 வெள்ளி (நூறு பங்கில் 92.5 பங்கு வெள்ளி), 6 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம், பட்டையாகவே இழுத்துத் தருவேன், அன்றைய விலையை விடக் கிராமுக்கு 12 ரூபாய் குறைவு என்றார். நானும் 150 கிராம் கேட்டேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் வந்து கையில் தந்தார். பில் கேட்டதற்கு, “பில் போட்டா 3 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் அக்கா, உங்களுக்குத்தானே நஷ்டம்” என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். பட்டை பளபளவென்று இருந்தது, நுனியில் 925 என்று குத்தியிருந்தது. யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரும் எண்ணும் இங்கே போடவில்லை.

அந்தப் பட்டை முதல் நாளே என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. முதல் மோதிரத்துக்குப் பட்டையை அறுக்கும்போது வில்லில் மூன்று பிளேடு உடைந்தது. சூடாக்கி ஆறவிட்ட 92.5 வெள்ளி அவ்வளவு அடம் பிடிக்காது. அடுத்து டார்ச். வெள்ளியைப் போலச் சூடு கடத்தும் உலோகம் வேறில்லை. ஒரு மூலையில் தீ காட்டினால் மோதிரம் முழுவதும் சேர்ந்து சூடேறும். மோதிரம் மொத்தமும் தேவையான சூட்டுக்கு வந்தால்தான் ஒட்டில் வைத்த பொடி, அதாவது இரண்டு முனையையும் ஒட்டவைக்கிற உலோகக் கலவை, உருகி ஓடும். இந்தப் பட்டையோ தீ பட்ட இடத்தில் மட்டும் சிவந்தது, எதிர்ப்பக்கம் கறுப்பாகவே கிடந்தது. டார்ச்சில் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கேஸ் டப்பா வாங்கினேன்.

மூன்றாவது அடையாளம் எடை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த மோதிரம் 20-ஆம் அளவு. நம்ம ஊர் அளவில் 20 என்றால் உள்சுற்றளவு 60 மில்லிமீட்டர், அளவோடு 40 கூட்டினால் போதும். உள்விட்டம் 19.1. அதோடு பட்டையின் கனம் 2-ஐக் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் வெட்ட வேண்டிய நீளம் 66 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.8 கன சென்டிமீட்டர். 92.5 வெள்ளி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.3 கிராமுக்கு மேல் நிற்கும். ஆக, வெட்டிய துண்டு 8.2 கிராம் இருந்திருக்க வேண்டும். மெருகேற்றி முடித்த என் மோதிரம் 6.7 கிராம். அரம் தின்றுவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றரை கிராம் வெள்ளிப்பொடி மடியில் கட்டிய தோலில் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

அப்படியே பதினொரு மோதிரம் செய்தேன். ஒவ்வொன்றின் உள்பக்கமும் என் கையாலேயே 925 என்று குத்தினேன். அந்த எண் குத்துகிற அச்சை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அவரிடமும் ஒன்று இருந்திருக்கிறது. பிஐஎஸ் ஹால்மார்க் என்பது வேறு, அது சோதித்துப் பார்த்துப் போடுகிற அரசுத் தர முத்திரை. தங்க நகைக்கு அது 2021 ஜூனில் கட்டாயமாகத் தொடங்கியது. வெள்ளிக்கு இன்னும் கட்டாயம் இல்லை. அதனால் வெறும் 925 என்று கண்டால், அது குத்தியவரின் வாய்ச்சொல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று எங்க மைனியின் தம்பிக்குக் கொடுத்தது. குளச்சலில் போட்டில் வேலை. இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். “அக்கா, இதப் போட்டதுலேருந்து ஒரே அரிப்பு” என்று விரலை நீட்டினான். மோதிரம் இருந்த இடத்தில் பச்சை வளையம், அதன் அடியில் தோல் சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான், ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. தோல் டாக்டர், நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இப்படி வரும் என்றார். 92.5 வெள்ளியில் மீதி 7.5 பங்கு வழக்கமாகச் செம்பு. நிக்கலுக்கு அங்கே என்ன வேலை?

மிச்சப் பட்டையை எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் போனேன். பரதநாட்டியக்காரர்கள் போடுகிற கோவில் நகை செய்யும் ஊர் அது, புவிசார் குறியீடு வாங்கிய வேலை. அங்கே எனக்குத் தெரிந்த வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். பட்டையை உரைகல்லில் தேய்த்தார். வெள்ளி போலவே கோடு விழுந்தது. எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. அப்புறம் முக்கோண அரத்தை எடுத்து ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டார். அந்த வெட்டுக்குள் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். பொங்கிக்கொண்டு பச்சையாக வந்தது. “மக்கா, வெள்ளி மேல பூசினது மட்டும்தான். உள்ள ஜெர்மன் சில்வர்” என்றார். உண்மையான வெள்ளி எப்படி இருக்கும் என்று காட்ட, தன் பட்டறைத் துண்டு ஒன்றிலும் அதே ஆசிட்டை விட்டு, மேலே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டார். தயிர் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டது. ஜெர்மன் சில்வர் என்று பேர்தான், அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. ஒரு பொட்டு வெள்ளி கிடையாது.

ஆசிட் எல்லாம் வீட்டில் வேண்டாம், குழந்தைகள் இருக்கிற இடம். நகை டெஸ்டிங் கடையில் மெஷினில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அந்த மெஷினின் எக்ஸ்ரே கதிர் மேல்தோலைத்தான் படிக்கும். பூச்சு போட்ட பட்டையை அப்படியே வைத்தால் வெள்ளி என்றுகூடக் காட்டிவிடலாம். அரம் போட்டு உள் உலோகம் தெரிகிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு என்னிடம் எல்லாமே இருந்தது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு பிளாஸ்டிக் கப், தையல் நூல். முதலில் பட்டைத் துண்டை அப்படியே எடை போடுங்கள். என் துண்டு 20.70 கிராம். பிறகு கப்பில் பாதி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது, காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் துண்டின் கன அளவு. எனக்கு 2.38 காட்டியது. 20.70-ஐ 2.38-ஆல் வகுத்தால் 8.7. 92.5 வெள்ளியாக இருந்தால் தராசு 2.00 பக்கத்தில் நின்றிருக்கும், விடை 10.3 தாண்டியிருக்கும். சுத்த வெள்ளிக்கு 10.49. செம்பே 8.96 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே எவ்வளவு பூசினாலும் இந்தக் கணக்கை ஏமாற்றுவது கஷ்டம். துண்டு பெரிதாக இருந்தால் விடை சரியாக வரும், ஒரு கிராம் துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். கோபப்படாமல்தான் கேட்டேன். “அக்கா, நீங்க டார்ச்ச அதிகமா காட்டியிருப்பீங்க. வெள்ளி ஆவியாப் போயி செம்பு மட்டும் மிஞ்சும்” என்றார். புதிதாகக் கற்கிறவர்களிடம் இந்தப் பொய் எடுபடும், அதனால் சொல்கிறேன். வெள்ளி 962 டிகிரியில் உருகும், ஆவியாகக் கொதிக்க 2,100 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டு டார்ச்சில் மோதிரம் உருகிக் கட்டியாகுமே தவிர, வெள்ளி மட்டும் தனியாகப் பறந்து போகாது. தீயே காட்டாத மிச்சப் பட்டையும் அதேதான் என்றதும் போனை வைத்தார். அன்றிலிருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அதே ஆள் பட்டையோடு பொடியும் கொஞ்சம் தந்திருந்தார். அதை நான் இனித் தொடப்போவதில்லை. பழைய பொடிகளில் காட்மியம் கலந்திருப்பது உண்டு. கேடிஎம் நகை என்று சொல்வார்களே, அந்தக் காட்மியம்தான். சூட்டில் வரும் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். எங்கே வாங்கினாலும் காட்மியம் இல்லாதது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தேன். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். விற்பதற்காக வாங்கியவர் நுகர்வோர் ஆவாரா என்று சிலர் பயமுறுத்தினார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கினால் அவரும் நுகர்வோர்தான், சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாததுதான் என் பலவீனம். யுபிஐ ரசீதும், 92.5 என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் செய்தியும், டெஸ்டிங் கடைச் சீட்டும்தான் கையில் இருக்கின்றன. சாட்டை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

பதினொரு மோதிரத்தில் ஒன்பதைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் போன ஆனியில் திங்கள்சந்தையில் கையில் விற்றவை. ஒன்று 19, இன்னொன்று 22-ஆம் அளவு. கல் இல்லாத நேர்பட்டை, உள்பக்கம் 925-க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிறை குத்தியிருக்கும். உங்கள் வீட்டு ஆம்பிளைகள் யார் கையிலாவது அது இருந்தால் முதலில் கழற்றச் சொல்லுங்கள், அப்புறம் எனக்குத் தகவல் அனுப்புங்கள். பணம் முழுவதும் தருகிறேன். அதே அளவில் நல்ல வெள்ளியில், தண்ணீரில் எடை போட்டுக் காட்டிவிட்டு, வேறு மோதிரம் வேண்டுமென்றாலும் செய்து தருகிறேன்.