ஐஆர்சிடிசியா, ஐஆர்எஃப்சியா, ஆர்விஎன்எல்லா? மாமாவோட சைட் காசும் ரயில் ஷேரும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க மாமா மாரிகுப்பத்துல ரயில் ஏறி வைட்ஃபீல்டுல இறங்கி, ஆட்டோவுக்கு 80 ரூபாயான்னு கோவிச்சுக்கிட்டு காடுகோடில இருக்குற எங்க வீட்டுக்கு நடந்தே வந்துட்டாரு. கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பேப்பர்லேருந்து கத்தரிச்ச துண்டு நாலஞ்சு, எல்லாம் ரயில்வே ஷேர் பத்தி. விஷயம் என்னன்னா பங்காரபேட்டைல இருந்த பழைய சைட்ட (வீட்டு மனை) வித்துருக்காரு, லாபம் மட்டும் பத்து லட்சம் நிக்குது. "முப்பது வருஷம் ரயில்லயே போயிட்டு வந்தவன்டா நான், எனக்குத் தெரியாத ரயிலா, அந்தப் பத்தையும் ரயில் ஷேர்லயே போட்டுடு"ங்குறாரு. மனுஷன் பிஇஎம்எல்ங்குற அரசாங்கக் கம்பெனில வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, தினமும் கேஜிஎஃப்லேருந்து (கோலார் தங்கவயல்) பெங்களூருக்கு அப் அண்ட் டவுன். அத வச்சு அவரு பேசுறாரு, ஆனா ரயில் தெரியுறதும் ரயில் ஷேர் தெரியுறதும் ஒண்ணா?

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஐஆர்சிடிசி. இத யாருக்கும் விளக்கத் தேவையில்ல, தீபாவளிக்கு ஊருக்குப் போக காலையில 10 மணிக்கு தட்கல் விண்டோவ மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்த எந்த பெங்களூர் தமிழனுக்கும் இந்தக் கம்பெனிக்குப் போட்டியே கிடையாதுன்னு தெரியும். வேற எந்த ஆப்ல டிக்கெட் போட்டாலும் கடைசில அவங்க ஐடி பாஸ்வேர்டுதான் கேக்கும். ஏசி இல்லாத பொட்டின்னா டிக்கெட்டுக்கு 15 ரூபா, ஏசின்னா 30 ரூபா கன்வீனியன்ஸ் ஃபீஸ், மேல ஜிஎஸ்டி, யூபிஐல கட்டுனா 10, 20. சாப்பாடு, டூர், ரயில் நீர்னு மத்த வியாபாரமும் இருக்கு, வருமானத்துல சாப்பாடுதான் பெருசு, ஆனா லாபத்துல பெரும்பகுதி இந்த 15 ரூபா 30 ரூபாயிலதான் உக்காந்துருக்கு. கடனும் கிடையாது. 2019 அக்டோபர்ல 320 ரூபாய்க்கு ஐபிஓ (ஜனங்களுக்கு மொத தடவ ஷேர் விக்கிறது) வந்து, லிஸ்டிங் அன்னைக்கே, அதாவது மார்க்கெட்டுக்கு வந்த அன்னைக்கே டபுள் ஆச்சு.

இவ்வளவு நல்ல கம்பெனின்னா அப்புறம் என்னடா யோசனைன்னாரு மாமா. 2021 அக்டோபர் 28 கதைய சொன்னேன். அன்னைக்குதான் ஒரு ஷேர் அஞ்சா ஸ்ப்ளிட் ஆகி எல்லாரும் குஷியா இருக்காங்க, சாயங்காலம் ரயில்வேகிட்டேருந்து ஒரு லெட்டர், கன்வீனியன்ஸ் ஃபீஸ்ல பாதி எங்களுக்குன்னு. மறுநாள் மார்க்கெட் தொறந்ததும் ஷேர் ஒரேயடியா கால்வாசி காலி, ஒடனே அரசாங்கம் அந்த முடிவ வாபஸ் வாங்குச்சு, ஷேரும் விழுந்ததுல பெரும்பகுதி ஏறி வந்துச்சு. இது ஏதோ ஒரு தடவ நடந்த கூத்து இல்ல, 2016ல நோட்டு செல்லாதுன்னு சொன்னப்பவும் இந்த ஃபீஸ நிறுத்துனாங்க, திரும்ப வந்தது 2019 செப்டம்பர்லதான். அதாவது மோனோபாலிதான், ஆனா சாவி மொதலாளி கையில, மொதலாளி அரசாங்கம். ஸ்ப்ளிட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி தொட்ட உச்சத்துல வாங்குனவங்களுக்கு நாலு வருஷம் ஆகியும் போட்ட காசு திரும்பல, கம்பெனி லாபம் நடுவுல ஏறுனதுக்கு அப்புறமும். நல்ல கம்பெனிதான், வெலதான் நல்லா இல்ல.

அடுத்து ஐஆர்எஃப்சி. மாமாவோட பேப்பர் துண்டுல பாதி இதப்பத்திதான், ஏன்னா 26 ரூபாய்க்கு வந்த ஷேர் 229 வரைக்கும் போச்சுன்னு போட்டுருக்கான். இது ஒரு வட்டிக்கடை மாதிரி, ஆனா கிட்டத்தட்ட ஒரே ஒரு கஸ்டமர் வச்சிருக்குற வட்டிக்கடை. பாண்டு (கடன் பத்திரம்) வித்து கடன் வாங்கி, அதுல இஞ்சின், பொட்டி, வேகன்னு வாங்கி ரயில்வேக்கே 30 வருஷ லீசுக்கு விடுவாங்க. கடன் வாங்குன வட்டிக்கு மேல சுமாரா 0.4 சதவீதம் வச்சு வசூல் பண்ணிக்குவாங்க, அவ்வளவுதான் வியாபாரம். வாராக்கடன் பூஜ்யம், தலைவலி கிடையாது. வளர்ச்சியும் அதே அளவுக்குதான் இருக்கும்.

இங்கதான் நான் கால்குலேட்டர எடுத்தேன். 2020-21ல இவங்க லாபம் 4,416 கோடி, 2023-24ல 6,412 கோடி, மூணு வருஷத்துல 45 சதவீதம் ஏத்தம், நல்லதுதான். ஆனா அந்த மூணு வருஷ சொச்சத்துல ஷேர் ஏறுனது கிட்டத்தட்ட ஒம்போது மடங்கு. 2024 ஜூலைல 229 இருந்தப்ப ஷேருக்கு வருஷ லாபம் அஞ்சு ரூபா கூட இல்ல, அதாவது 46 மடங்கு வெல குடுத்து ஒரு 0.4 சதவீத மார்ஜின் வட்டிக்கடைய வாங்குறாங்க ஜனங்க. அதுக்கு அடுத்த வருஷம் லாபம் 6,502 கோடி, ஒண்ணர சதவீதம் கூட ஏறல, ஏன்னா ரயில்வேக்கு இப்ப பட்ஜெட்லேருந்தே நேரா காசு வருது, புதுசா இவங்ககிட்ட கடன் வாங்குற அவசியமே கொறஞ்சுபோச்சு. 2025 மார்ச்ல ஷேர் 110 பக்கம் வந்து நின்னுச்சு. கம்பெனிக்கு ஒண்ணும் ஆகல, வட்டி ஒழுங்கா வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, வெல மட்டும் பாதியாப் போச்சு. "அப்ப 26ல வாங்கிருக்கணும்"னாரு மாமா. 26ல வந்தப்ப லிஸ்டிங் அன்னைக்கே நஷ்டம், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பெருசா அசையவே இல்ல மாமா, அப்ப வாங்கிருந்தாலும் 30 வந்ததும் வித்துருப்பீங்கன்னேன். சிரிச்சாரு, மறுக்கல.

ஆர்விஎன்எல் பத்தி ஜாஸ்தி பேசல. 2019ல 19 ரூபா, 2024 ஜூலைல 600 தாண்டுச்சு, அந்த உச்சத்துல லாபத்தப்போல 80 மடங்குக்கு மேல வெல. இது ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி, தண்டவாளம் போடுறது, கரண்ட் லைன் இழுக்குறது. முன்னெல்லாம் ரயில்வே வேலைய நேரா தூக்கிக் குடுத்துடும், இப்ப டெண்டர்ல மத்தவங்களோட மல்லுக்கட்டி வாங்கணும், மார்ஜின் இளச்சுப்போச்சு, 2024-25ல லாபமே கொறஞ்சுது. பேப்பர்ல தினமும் 'இத்தன கோடி ஆர்டர்'னு வர்றதப் பாத்து வாங்காதீங்க, ஆர்டர் வேற லாபம் வேற.

தனியார்ல டிட்டாகர் இருக்கு. 2022ல ரயில்வே குடுத்த 24,177 வேகன் ஆர்டர்னால பெருசானது, இப்ப மெட்ரோ பொட்டியும் செய்றாங்க, நம்ம ஆர்.வி. ரோடு பொம்மசந்திரா மஞ்ச லைன் வண்டிகூட சீனக் கம்பெனிக்காக அங்க பூட்டுனதுதான். மொதலாளி அரசாங்கம் இல்லங்குறது ஒரு நிம்மதி. ஆனா வேகன் வாங்குறது யாரு? பெரும்பாலும் அதே ரயில்வே. சக்கரம் சப்ளை லேட் ஆனா வண்டி ஃபேக்டரிய விட்டு வெளிய போகாது, அந்தக் காலாண்டு ரிசல்ட் படுத்துடும்.

மாமா மனசெல்லாம் பிஇஎம்எல்லதான். மெட்ரோ பர்ப்பிள் லைன்ல ஏறுனா இப்பவும் கதவோரத்துல கைய வச்சுத் தடவிப் பாப்பாரு, "இது எங்க ஃபேக்டரி பொட்டி"ம்பாரு. 2024 செப்டம்பர்ல வந்தே பாரத் ஸ்லீப்பர் மாடல இங்க பெங்களூர்ல காட்டுனப்ப எனக்கு மூணு தடவ போன் பண்ணாரு. ரயில், மெட்ரோ, ராணுவ வண்டி, சுரங்க மெஷின்னு மூணு நாலு கால்ல நிக்குற கம்பெனி, அதனால சுத்தமான ரயில் ஷேர்னு சொல்ல முடியாது, அது ஒரு வகைல நல்லதும்கூட. ஆனா பிஎஃப், கிராஜுவிட்டின்னு வாழ்க்கையில வந்த காசெல்லாம் அங்கேருந்து வந்ததுதான், மிச்சத்தையும் அங்கயே திருப்பிக் கொண்டுபோய்ப் போடணுமான்னு கேட்டேன்.

அப்பதான் அவரே ஒரு விஷயம் சொன்னாரு, எனக்கு அது இவ்வளவு நேரம் தோணல. எங்க தாத்தா கேஜிஎஃப் சாம்பியன் ரீஃப்ல தங்கச் சுரங்கத்துல வேல பாத்தவரு. ஊர்ல மளிகைக்கடை, டெய்லர், சைக்கிள் ஷாப், டீக்கடை, சினிமா கொட்டான்னு நூறு வியாபாரம் இருந்துச்சு, பாத்தா எல்லாம் வேற வேற. 2001ல சுரங்கத்த மூடுனப்பதான் தெரிஞ்சுது நூறு கடைக்கும் காசு வந்தது ஒரே குழியிலேருந்துன்னு. "அந்த மாதிரிதானடா இதுவும், டிக்கெட் விக்கிறவன், கடன் குடுக்குறவன், தண்டவாளம் போடுறவன், பொட்டி செய்றவன், எல்லாருக்கும் படியளக்குறது ஒரே ஆளு"ன்னாரு. அதேதான். அஞ்சு ரயில் ஷேர் வாங்கிட்டு டைவர்சிஃபை பண்ணிட்டேன், காசப் பிரிச்சுப் போட்டுட்டேன்னு சொல்றவங்களுக்கு இதவிடத் தெளிவா என்னால சொல்ல முடியாது. 2024 ஜூலைக்கு அப்புறம் சார்ட்ட எடுத்துப் பாருங்க, ஐஆர்எஃப்சி, ஆர்விஎன்எல், ரயில்வேயோட மத்த கம்பெனிகளான இர்கான், ரெயில்டெல், அப்புறம் டிட்டாகர் எல்லாம் கைகோத்துக்கிட்டு ஒண்ணா எறங்கிருக்கும். ஜூலை 23 பட்ஜெட் பேச்சுல ரயில்வே பேரு அதிகமா வரலன்னு அன்னைக்கே எல்லாம் விழுந்துச்சு. அந்த பட்ஜெட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ப நம்பி ஒரு ரயில் ஷேர நானும் வாங்குனேன், எதுன்னு கேக்காதீங்க, அடுத்த மார்ச்ல அது பாதிகூட தேறல, வீட்டுல இன்னும் சொல்லல.

இன்னும் ஒரு விஷயம், ரயில் ஏற்கனவே நம்மகிட்ட இருக்கான்னு பாக்கணும். என் பணத்துல பெரும்பகுதி நிஃப்டி 50, நெக்ஸ்ட் 50 இண்டெக்ஸ் ஃபண்டுலதான் (அந்தப் பட்டியல்ல இருக்குற பெரிய கம்பெனி ஷேர் எல்லாத்தையும் மொத்தமா வாங்குற ஃபண்டு) இருக்கு. ஐஆர்எஃப்சிய 2024 மார்ச்ல நெக்ஸ்ட் 50ல சேத்துட்டாங்க. நிஃப்டி 50ல இருக்குற எல் அண்ட் டிதான் மும்பை ஆமதாபாத் புல்லட் ரயில் பாதைல பெரிய பகுதியக் கட்டுது. அப்ப ரயில் வளந்தா அதுல ஒரு துளி எனக்குத் தன்னால வந்துடும். தனியா ரயில் ஃபண்டே வேணும்னா அதுவும் இருக்கு, 2025 ஆரம்பத்துல குரோவ் கம்பெனி ரயில்வே பிஎஸ்யூ (அரசாங்கக் கம்பெனி) இண்டெக்ஸ் ஃபண்டு ஒண்ணு விட்டாங்க. ஒத்த ஷேர் எடுத்து மாட்டிக்கிறதுக்கு அது தேவலதான், லெட்டர் வந்தா ஒண்ணுதான் அடி வாங்கும், ஆனா குழி அதே குழிதான், டிட்டாகர் மாதிரி தனியாரும் அதுல கிடையாது. நான் எடுக்கல. என் கணக்குல ரயிலுக்கு மொத்தப் போர்ட்ஃபோலியோல அஞ்சு சதவீதம், அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல, ஏறி எட்டு ஆச்சுன்னா மூண வித்து இண்டெக்ஸ்ல போட்டுடுவேன்.

சரி, மாமா காசு? ஆச்சர்யம் என்னன்னா அவருக்கு ஏத்த ரயில் முதலீடு பேப்பர் துண்டு எதுலயும் இல்ல. அதே ஐஆர்எஃப்சி விக்குற 54இசி பாண்டு. நீண்ட நாள் வச்சிருந்த நிலம், வீடு வித்த லாபத்த ஆறு மாசத்துக்குள்ள இதுல போட்டா அந்த லாபத்துக்கு வரி இல்ல, 50 லட்சம் வரைக்கும் போடலாம், அஞ்சு வருஷம் எடுக்க முடியாது, வட்டி வெறும் 5.25 சதவீதம், அந்த வட்டிக்கு வரி உண்டு. 5.25ன்னதும் மாமா மூஞ்சி சுருங்கிடுச்சு, எஃப்டியே ஜாஸ்தி குடுக்குறானேடான்னாரு.

கணக்கு போட்டுக் காட்டுனேன். லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. பழைய சைட்ங்குறதால இண்டெக்சேஷன் போட்டு (வாங்குன வெலைய விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்தி) 20 சதவீதம் கட்டுற வழியும் இருக்கு, ஆடிட்டர் ரெண்டையும் பாத்துட்டு 12.5தான் இவருக்குக் கம்மின்னாரு. வீட்டு வாடகை, எஃப்டி வட்டின்னு வரி இல்லாத வரம்பு ஏற்கனவே நிரம்பிடுது, அதனால பத்து லட்சத்துக்கு செஸ்ஸோட சேத்து 1,30,000 ரூபா வரி. பாண்டு வாங்கலன்னா கையில மிஞ்சுறது 8,70,000தான். பாண்டுல போட்டா முழு பத்தும் வேல செய்யும், வருஷம் 52,500 வட்டி, அஞ்சு வருஷத்துல மொத்தம் 12,62,500. அந்த 8,70,000 இந்த எடத்துக்கு வரணும்னா வருஷா வருஷம் 7.7 சதவீதம் வளரணும். மாமாவோட மத்த வருமானத்துக்கு புது வரி முறைல ரிபேட் (வரித் தள்ளுபடி) கிடைக்குறதால வருஷ வட்டிக்கு வரியும் விழாது. அரசாங்க கம்பெனி, அசலுக்கு ஆட்டம் இல்ல, 66 வயசுக்காரருக்கு இதவிட என்ன வேணும்? நடுவுல அவசரம்னா இத அடகு வச்சுக் கடனும் வாங்க முடியாது, வாங்குனா வரிச் சலுக போயிடும், அதுதான் கொற. அதனால ஆஸ்பத்திரி செலவுக்குன்னு தனியா எஃப்டி இருக்கான்னு மொதல்ல கேட்டுக்கிட்டுதான் சரின்னேன்.

எனக்கு 35 வயசு, சம்பளம் வருது, சைட்டும் இல்ல வித்த லாபமும் இல்ல, எனக்கு இந்த பாண்டு ஆகாது, இண்டெக்ஸ் ஃபண்டும் அஞ்சு சதவீத ஐஆர்சிடிசியும் போதும். அதுலயும் ஐஆர்சிடிசிய ஏன் வச்சிருக்கேன்னா கடன் இல்ல, பட்ஜெட்ல எவ்வளவு ஒதுக்குனாங்கங்குறத நம்பி அது ஓடல, ஜனம் ஊருக்குப் போயித்தான் ஆகணும். லெட்டர் பயம் இருக்கு, அதுக்குத்தான் அஞ்சு சதவீதம்.

மாமா ஒம்போதர லட்சம் பாண்டுக்கு சம்மதிச்சாரு, மிச்சத்துக்கு வரி கட்டிட்டு ஆசைக்கு ரயில் ஷேர் கொஞ்சமாவது வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அவர் பேருல டீமேட் (ஷேர் வச்சுக்குற கணக்கு) தொறந்து ஐஆர்சிடிசி பத்து ஷேர் வாங்கிக் குடுத்தேன். ஆப்ப எப்படிப் பாக்குறதுன்னு கத்துக்கிட்டு தெனம் காலையில மார்க்கெட் தொறக்குற 9.15க்கு போன் பண்றாரு.

போன வாரம் அத்தையோட சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகணும், நான் மொபைல்ல டிக்கெட் போட்டுத் தரேன்னேன். வேணாம்னுட்டு பங்காரபேட்டை கவுண்டர்ல முக்கா மணி நேரம் கியூல நின்னு பேப்பர் டிக்கெட் எடுத்துட்டு வந்துருக்காரு. ஏன் மாமா, உங்க கம்பெனிக்கு 15 ரூபா வருமானம் போச்சேன்னேன். "பத்து ஷேருக்கு அதுல எனக்கு என்னடா வரப்போவுது, கவுண்டர்ல அந்த 15 மிச்சம்"னாரு.