பனிமலை ஏறப் பழக: பயிற்சி முகாமா, கைடா, தெரிந்த நண்பரா?

செயற்கைச் சுவரில் இரண்டு வருடம் ஏறிப் பழகிவிட்டு, இனி நிஜ மலை என்று கிளம்பியபோது எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. புதியவர்களுக்கான ஒரு வார ஆல்பைன், அதாவது பனிமலை ஏற்றப் பயிற்சி முகாமில் சேரலாம். கைடு ஒருவரை அமர்த்திக்கொண்டு நேராக ஓர் உச்சிக்குப் போய், போகிற போக்கில் கற்றுக்கொள்ளலாம். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் நண்பர்களின் கயிற்றில் தொற்றிக்கொள்ளலாம். நான் முதலில் எடுத்தது இரண்டாவது வழி. மறு வருடமே முகாமில் போய்ச் சேர்ந்தேன். நண்பர்களோடும் அவ்வப்போது போகிறேன். ஆகவே இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். என் ஓட்டு முகாமுக்குத்தான்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைடின் நாள் ஊதியத்தை ஒற்றை ஆளாகத் தாங்க வேண்டும். முகாமில் அது நான்கைந்து பேரிடையே பிரியும். நண்பர்கள் காசு கேட்கமாட்டார்கள். உச்சியில் நின்று எடுத்த படம்தான் வேண்டும் என்றால் கைடே போதும். விரைவாகவும் பத்திரமாகவும் காரியம் முடியும்.

எனக்கும் முடிந்தது. பாதையின் கடினத்தைக் குறிக்கும் ஐரோப்பியத் தர அளவில் PD எனப்படும், அதாவது அடியிலிருந்து இரண்டாம் படியில் இருக்கும் ஒரு பாதை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறி, பனிப்பிளவுகளை (பனியாற்றின் ஆழமான வெடிப்புகளை) மூடியிருக்கும் பனிப்பாலங்கள் இளகுவதற்குள் திரும்பினோம். கைடு அருமையான மனிதர். ஒரு மாதம் கழித்து நண்பர் ஒருவர், "பனியாற்றில் நடக்கும்போது ரெண்டு பேருக்கும் நடுவே எவ்வளவு கயிறு விட்டிருந்தீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முடிச்சைப் போட்டது அவர், பாதையைப் பார்த்தது அவர், எங்கே நிற்பது எங்கே திரும்புவது என்று முடிவெடுத்தது அவர். நான் செய்ததெல்லாம் அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்ததுதான். அவர்மேல் குறை சொல்ல முடியாது. என்னை முழுசாகக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர் வேலை, பாடம் நடத்துவது அல்ல.

கைடின் திறமை நம் காலுக்குள் வந்துவிடாது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலாகத் தொட்ட ஏழு பேரில் மிஷேல் க்ரோ அந்தக் காலத்தின் தலைசிறந்த கைடுகளில் ஒருவர். இறங்கும்போது, அனுபவம் குறைந்த ஹேடோ என்ற இளைஞரின் பாதங்களைத் தன் கையாலேயே பிடித்துப் பிடித்து வைத்துக் கூட்டிவந்தார் அவர். ஹேடோ வழுக்கி அவர்மேலேயே விழ, கயிறு அறுந்து நான்கு பேர் போய்விட்டார்கள். அதில் க்ரோவும் ஒருவர்.

நண்பர்கள் வழியைப் பற்றி நான் பேசக்கூடியது கொஞ்சம்தான். இரண்டு குழுக்களோடு மட்டுமே போயிருக்கிறேன். கிடைத்த பெரிய நன்மை நாட்கள். வானிலை சரியாக இருக்கும் எந்த விடுமுறையிலும் போகலாம், அவசரமில்லை, தோற்றுத் திரும்பினாலும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சிக்கல், அவர்களுடைய பழக்கங்களும் சேர்ந்தே ஒட்டிக்கொள்வதுதான். ஒருவர் பனியாற்றில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றாகக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பார். கயிறு தொய்வாக இருந்தால் முன்னால் போகிறவர் பனிப்பிளவுக்குள் விழும்போது வேகம் கூடிவிடும், அந்த இழுப்பில் பின்னால் இருப்பவரும் போய்விடலாம். கேட்டால், "இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆகலையே" என்பார். இருபது தடவை தப்பாகச் செய்தும் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். தப்பு என்று தெரிவதற்கு அங்கே வழியே இல்லை. ஒழுங்காகப் பயின்று, ஒழுங்காகச் சொல்லித்தரும் நண்பர் வாய்த்தவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

முகாமில் முதல் நாள் முழுக்க நடந்தோம். வேறொன்றுமில்லை. பூட்ஸின் அடியில் க்ராம்பனை, அதாவது இரும்பு முட்கள் கொண்ட சட்டத்தை மாட்டிக்கொண்டு சரிவில் மேலே, கீழே, குறுக்கே. உள்ளங்கால் முட்கள் அத்தனையும் பனியில் பதியும்படி பாதத்தைத் தட்டையாக வைக்கக் கற்றுக்கொள்ளவே மதியம் ஆகிவிட்டது. இரண்டாம் நாள் விழுந்தோம். கீழே சமதளமாக முடியும் சரிவைத் தேர்ந்து, க்ராம்பனைக் கழற்றிவிட்டு (முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், ஆளையே புரட்டிப் போடும்), குப்புற, மல்லாக்க, தலைகீழாக என்று வேண்டுமென்றே சறுக்கி, பனிக்கோடாரியின் அலகை அழுத்தி நிற்கப் பழகினோம். நாற்பது தடவையாவது விழுந்திருப்பேன். கைடோடு போன பயணத்தில் ஒரு தடவைகூட விழவில்லை, அப்போது அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன்.

இதெல்லாம் முகாமுக்கு ஆதரவான சின்ன காரணங்கள். என்னை முழுதாக இந்தப் பக்கம் இழுத்தது மறதி.

பனிப்பிளவு மீட்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே பேர் கட்டிய கயிற்றில் ஒருவர் உள்ளே விழுந்துவிட்டார். மேலே இருப்பவர் பனியில் படுத்து அந்த எடையைத் தன் இடுப்பில் தாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த நிலையிலேயே, கயிற்றைக் கட்டி எடையைத் தாங்கவைக்க ஒரு நங்கூரம் அமைக்க வேண்டும். பனிக்கு ஏற்றபடி, கோடாரியையோ வேறொன்றையோ குறுக்குவாட்டில் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். பிறகு ப்ரூசிக் முடிச்சால் எடையைத் தன் உடம்பிலிருந்து நங்கூரத்துக்கு மாற்ற வேண்டும். (1931இல் கார்ல் ப்ரூசிக் என்ற ஆஸ்திரியர் விவரித்த முடிச்சு, இழுத்தால் கவ்வும், தளர்த்தினால் நகரும்.) அப்புறம்தான் விளிம்புக்குப் போய், உள்ளே இருப்பவர் பேசுகிறாரா என்று பார்த்து, கயிறு மேலும் பனியை அறுத்துக்கொண்டு இறங்காமலிருக்க அடியில் எதையாவது கொடுத்து, இழுக்கும் அமைப்பைக் கட்டலாம். காகிதத்தில் அது மூன்று மடங்கு பலம் தரும். நிஜத்தில் காரபைனர் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி) உராய்விலேயே ஒரு பகுதி போய்விடும். விளிம்பில் புதைந்த கயிறோ அசையவே அசையாது, அதற்கு வேறொரு கயிற்று வளையத்தைக் கீழே இறக்க வேண்டும்.

முகாம் முடிந்த அன்று இதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். ஆறு மாதம் கழித்து, மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டுச் செய்து பார்த்தேன். எடையை மாற்றும் கட்டத்திலேயே நின்றுவிட்டேன். கை போகவில்லை.

கைடோடும் நண்பர்களோடும் பார்த்ததை நான் மறந்திருந்தால், மறந்தது எது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. முகாமில் வரிசை இருந்தது. எத்தனையாவது படியில் மாட்டிக்கொண்டேன் என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. அதைவிட முக்கியம், அதே வரிசையை அதே வாரம் கற்ற இன்னொருவர் இருந்தார். பிளவில் விழுந்தவனுக்குத் தெரிந்த வித்தை பெரிதாக உதவாது, மேலே இருப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு. கைடோடு போனபோது, அவரே விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று ஒரு நொடிகூட யோசித்ததில்லை. இன்றைக்கு யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

முகாமில் இணையாக அமைந்தவரும் நானும் மாதம் ஒரு முறை சந்தித்து இதையே செய்கிறோம். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனது. இப்போது அதில் பாதி. முகாமில் கற்றதைக் காட்டிலும் இந்தப் பராமரிப்புதான் உருப்படியான சொத்து. அதற்கான ஆளையும் வரிசையையும் முகாம் தந்தது.

முகாமிலும் குறைகள் உண்டு. ஆறு நாளில் ஒன்றரை நாள் மழையில் குடிலுக்குள்ளேயே போயிற்று. குழுவில் மெதுவானவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். எங்கள் பயிற்றுநர் ஒரு நாள் நங்கூரத்தைத் தானே கட்டிக் காட்டிவிட்டு, நேரமில்லை என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நாங்கள் கேட்டு வாங்கித்தான் மறுநாள் கட்டினோம். அதனால் சேரும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? மீட்பை ஒவ்வொருவரும் தனியாக, தொடக்கம் முதல் கடைசி வரை செய்ய விடுவார்களா? பயிற்றுநரிடம் சர்வதேச மலைக் கைடுகள் கூட்டமைப்பின் பட்டயம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

செங்குத்துப் பனி, உறைந்த அருவி, குளிர்கால ஏற்றம் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்; செய்ததில்லை. நிஜமாகப் பிளவில் விழுந்த ஒருவரைத் தாங்கியதும் இல்லை. நான் தாங்கியதெல்லாம் பின்னால் இன்னொரு காப்புக் கயிறு இருந்த ஒத்திகைகள். மாதக்கணக்கில் நடக்கும் நீண்ட பயிற்சிகளிலும் சேர்ந்ததில்லை.

கைடு வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகாமுக்குப் பிறகு ஒரு முறை அமர்த்தினேன், தர அளவில் ஒரு படி கூடுதலான பாதைக்கு. இந்தத் தடவை முன்கூட்டியே பேசிக்கொண்டோம்: பாதையை நான் பார்ப்பேன், தப்பான பக்கம் திரும்பினால் மட்டும் நிறுத்துங்கள் என்று. நான்கு தடவை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஏன் என்று கேட்க எனக்குக் கேள்வி இருந்தது.

போன வாரப் பயிற்சியில் என் இணைக்கு ப்ரூசிக் முடிச்சில் ஒரு சுற்று குறைந்துவிட்டது, முடிச்சு வழுக்கியது. நான் ஒரு காரபைனரின் பூட்டைத் திருகாமல் விட்டிருந்தேன். சீசன் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.