முந்திரிகைத் தோட்டம், வைன், தனிக் கடற்கரை: காசு கட்ட முதல் வாசியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரை யாழ்ப்பாணத்தில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'ஒரு நாள் உல்லாசப் பயணம்: முந்திரிகைத் தோட்டம், வைன் சுவைத்தல், பனங்கள்ளு, தனிக் கடற்கரை' என்று உங்கள் கைபேசிக்கும் ஒரு விளம்பரம் வரலாம். எனக்கு வந்தது. 81,900 ரூபா போனது. அந்த ஆட்களின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்ற ஒரு நாள் போதும் அவர்களுக்கு. செய்யும் விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை. நீங்கள் பாயசத்தில் போடும் முந்திரி எங்களுக்குக் கஜு.)

தங்கச்சி குடும்பம் பிரான்சின் தெற்கே மொன்பெலியேக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரிகை. அவளுடைய மகன் படிக்கிற காலத்தில் கோடை முடிய அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் பழம் வெட்டியவன். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது அந்த விளம்பரத்தை முதலில் கண்டவனும் அவன்தான். "மாமா, இஞ்சையும் கடல், முந்திரிகை, வைன் எல்லாம் இருக்காமே. ஒருக்காப் போய்ப் பாப்பமா?" என்று கேட்டான்.

விளம்பரத்தில் இருந்தது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் ஏமாற வைத்தது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண்ணில் பந்தல் போட்டு முந்திரிகை வைப்பது எங்களுக்குப் பழக்கமான பயிர்ச்செய்கை. 'இஸ்ரேல் புளூ' என்ற கறுத்தப் பழம்தான் அதிகம். முந்திரிகை ரசம் என்றால் தோலகட்டி நினைவுக்கு வராத பழைய ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாது. 1928 இல் தோமஸ் அடிகளார் அங்கே தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் கத்தோலிக்கத் துறவிகள் செய்த ரசம் அது. நெல்லி ரசமும் அப்படித்தான். ஆகவே 'யாழ்ப்பாண வைன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை, கொஞ்சம் பெருமைதான் வந்தது.

ஒருவருக்கு 9,500 ரூபா, ஐந்து பேருக்கு 47,500. பாதியை முற்பணமாகக் கட்டச் சொன்னார்கள். கணக்கு இலக்கம் வந்தது. அது நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. நான் 31 வருடம் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வாடிக்கையாளர் யாராவது இப்படிக் காசு அனுப்ப வந்து நின்றால் "ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டிருப்பேன். வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு 23,750 ரூபாவை நானே அனுப்பினேன். தங்கச்சி பக்கத்தில் நின்றாள், என்ன செய்ய.

நாளையும் அவர்களே குறித்தார்கள். மற்ற நாளெல்லாம் நிரம்பிவிட்டதாம், இந்த ஒரு நாள்தான் மிச்சமாம். நல்லூர்த் தீர்த்தம் முடிந்து பதினைந்தாம் நாள். தீர்த்தம் வருவது அமாவாசையில், அதிலிருந்து விரல் விட்டு எண்ணினால் பூரணை என்று தெரிந்திருக்கும். பூரணை எங்களுக்குப் போயா விடுமுறை. போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, கள்ளுத் தவறணையும் பூட்டு. அப்படியென்றால் பட்டியலில் இருந்த பனங்கள்ளு எங்கே இருந்து வரும்? அது போகட்டும், ஆவணி என்பது பனம்பழம் விழுகிற மாதம், பனங்கள்ளுக்கு அது காலமா? இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயங்கள் இல்லை. தெரிந்ததை ஒரு இடத்தில் சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வான் ஒன்றே கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. ஏசியில் "கியாஸ் முடிஞ்சுது, ஐயா." சரி, கண்ணாடியைத் திறந்துகொண்டு போனோம்.

முதலில் தோட்டம். பந்தலுக்குக் கீழே போய் நின்று மேலே பார்த்தால் கம்பியும் மொட்டைக் கொடியும் வானமும். ஒரு இலை இல்லை. கத்தரித்துப் பத்து நாள் என்றார் தோட்டக்காரர். முந்திரிகை தெரிந்தவர்களுக்கு இதில் புதினம் இல்லை. வெட்டு முடிந்ததும் கொடியைக் கத்தரித்து விடுவார்கள், பிறகு துளிர்த்துப் பூத்துப் பழம் பழுக்க மூன்று மாதத்துக்கு மேல் செல்லும். அந்த மனுசனில் ஒரு பிழையும் இல்லை. "படம் எடுக்கிறதுக்கு ஆக்கள் வருவினம் எண்டு ஐந்நூறு ரூபா தந்தவை. பழம் இல்லையெண்டு நான் சொன்னனான், தம்பி" என்று என்னிடமே சொன்னார். என் தலைமயிர் முழுக்க நரை. 'தம்பி' என்றது அந்த நாளில் கிடைத்த ஒரே இலவசம்.

வழிகாட்டிப் பொடியன் சளைக்கவில்லை. வானுக்குள் இருந்து ஒரு தட்டில் பழம் கொண்டுவந்து, "தோட்டத்துப் பழம், சாப்பிடுங்கோ" என்றான். என் மனைவி விதையைத் துப்பக் கையை வாயடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விதை வரவே இல்லை. இஸ்ரேல் புளூவில் விதை இருக்கும். அது பெட்டியில் வருகிற இறக்குமதிப் பழம். மனைவி என்னைப் பார்த்தாள், நான் மருமகனைப் பார்த்தேன், மருமகன் மொட்டைக் கொடியைப் படம் எடுத்துக்கொண்டு நின்றான்.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

அடுத்தது 'வைன் சாலை'. ஒரு சாதாரண வீட்டின் முன் அறை. மூலையில் புது வார்னிஷ் அடித்த மரப் பீப்பா. தட்டிப் பார்த்தேன், வெறும் பீப்பா. மேசையில் லேபிள் இல்லாத நீளப் போத்தல்கள். பெரிய மோதிரம் போட்ட ஒருவர் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாசில் அரை வாய் ஊற்றித் தந்தார். கறுவாவும் கராம்பும் மணத்தது, நல்ல இனிப்பு. எங்களுக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "தோலகட்டிப் பக்குவம், ஐயா" என்றார். தோலகட்டிக்கும் அந்த மேசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் துறவிகள் சம்பாதித்த நல்ல பெயரை இந்த ஆள் ஒரு வார்த்தையில் இரவல் எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "இண்டைக்குப் போயா தானே. எங்கை போனாலும் பூட்டு. எங்கட்டை மட்டுந்தான் எடுக்கலாம்." போத்தல் 6,500 ரூபா. ஏன் அந்த ஒரு நாள் மட்டும் மிச்சமாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் என்ன? தங்கச்சி கைப்பையைத் திறந்தாள். "நீ விடு, நான் குடுக்கிறன்" என்று இரண்டு போத்தலுக்கு 13,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். வந்த விருந்தாளிக்கு முன்னால் விலை கேட்டு வாய் காட்டுவது எங்களுக்கு வராது. இந்த வியாபாரம் அதை நம்பித்தான் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவரை ஏமாற்றுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் பயணத்தில் குறி வைக்கப்பட்டது நான்.

வான் வெளிக்கிட்டதும் மருமகன் ஒரு போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். ஒரு துளியை விரலில் தொட்டுப் பெருவிரலோடு ஒட்டிப் பிரித்தான். பாகு போல இழுபட்டது. "மாமா, இது வைன் இல்லை. ஜூசுக்குள்ளை கொஞ்சம் சாராயம் விட்டிருக்கினம்." முந்திரிகைச் சாற்றில் இருக்கும் சீனியை ஈஸ்ட் தின்று மதுவாக்குவதுதான் வைன் என்றும், இதில் சீனி அப்படியே கிடக்கிறது என்றும், நெடி தனியாக மேலே நிற்கிறது என்றும் சொன்னான். அவனுடைய ஊரில் சுவைக்கக் கொடுத்தால் லேபிள் ஒட்டிய போத்தலில் இருந்துதான் ஊற்றுவார்களாம். விளைந்த ஆண்டும் செய்தவரின் பெயரும் அதிலேயே இருக்குமாம். இங்கேயும் சட்டப்படி விற்கிற மதுப் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். எங்கள் போத்தலில் இருந்தது தூசி. அந்தச் சாராயம் கள்ளச் சாராயமாக இருந்தால் கண்ணுக்கும் உயிருக்குமே ஆபத்து. அந்த நினைப்பில் மனைவி இரண்டு போத்தலையும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

மானிப்பாய், சங்கானை தாண்டி, பொன்னாலையில் இருந்து கடலை ஊடறுத்துக் காரைநகருக்குப் போகிற தாம்போதியில் ஏறியதும் எல்லோருக்கும் மனம் கொஞ்சம் ஆறியது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், தூரத்தில் கழுத்தை மடித்துக்கொண்டு கொக்குகள். கசூரினாக் கடற்கரையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சவுக்கு நிழல், வெள்ளை மணல், வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் வராத தண்ணீர். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் வடக்குப் பார்த்த அந்தக் கரை குளம் போல் கிடக்கும். மருமகனும் தங்கச்சியும் இரண்டு மணித்தியாலம் தண்ணீரை விட்டு வரவில்லை. தங்கச்சி சின்ன வயதில் என்னோடு அங்கே வந்த கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். காசு கொடுத்து வாங்க முடியாத நேரம் அது. ஆனால் காசு வாங்கினார்கள்.

'தனிக் கடற்கரை' என்பது நாலு தடிக்கு ஒரு நைலோன் கயிறு கட்டி, உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள் போட்ட இடம். கடற்கரை அரசாங்கக் காணி. அதில் தனி, கூட்டு என்று ஒன்றும் கிடையாது. பந்தை எடுக்க வந்த மூன்று பொடியள் கயிற்றைக் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். 'அனுமதிக் கட்டணம் உட்பட' என்று விளம்பரத்தில் இருந்தும், வாசலில் பிரதேச சபையின் ரிக்கற்றை நாங்கள்தான் எடுத்தோம். சின்னத் தொகை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நண்டுக்கு வருகிறேன். திருவிழாக் காலம் முழுக்க மரக்கறி சாப்பிட்ட வாய். 'மதிய உணவு உட்பட, நண்டு அன்றைய விலையில்' என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. உட்பட என்ற சொல்லைத்தான் நாங்கள் வாசித்திருக்கிறோம். நல்ல உறைப்புக் கறி, முருங்கை இலையும் போட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிய வந்த கணக்கு 21,400 ரூபா. எத்தனை கிலோ என்று கேட்டேன். "நாலு கிலோ, ஐயா, சமைக்க முதல் நிறுத்தது." கோப்பையில் கிடந்த ஓடுகளை எண்ணிப் பார்த்தால் உள்ளங்கை அகல நண்டு ஏழு. ஏழு நண்டு நாலு கிலோ நிறுக்குமா என்பதைச் சின்னக்கடைச் சந்தையில் ஒரு நாளாவது நண்டு வாங்கியவர்கள் சொல்லட்டும். நிறுத்ததை யார் கண்டது? உயிரோடு காட்டி, முன்னால் தராசில் போட்டு, விலை பேசின பிறகுதான் சட்டியில் போட விட வேண்டும். சமைத்த பிறகு பேசப் பேச்சு இல்லை.

பற்றுச்சீட்டுக் கேட்டேன். அப்பியாசக் கொப்பித் தாளில் 'நண்டு 21,400' என்று எழுதித் தந்தார்கள். பெயர் இல்லை, முகவரி இல்லை, திகதிகூட இல்லை. இதற்கிடையில் மிச்சம் 23,750 ரூபாவையும் தந்தால்தான் வான் திரும்பும் என்று சாரதி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். அவனும் கூலிக்கு வந்தவன். பொழுது படுகிறது, தங்கச்சி ஈரச் சட்டையோடு நிற்கிறாள். கொடுத்தேன்.

அடுத்த நாள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. மரியாதையாகப் பேசினார்கள், ஆதாரங்களோடு எழுத்தில் முறைப்பாடு தரச் சொன்னார்கள். என் கையில் இருந்த ஆதாரம் ஒரு கொப்பித் தாளும், ஒரு தனி ஆளின் கணக்குக்கு நானே விரும்பி அனுப்பிய 23,750 ரூபாவின் சிட்டையும். எழுதித்தான் அனுப்பியிருக்கிறேன். முறைப்பாடு செய்த விஷயம் எப்படியோ தெரிந்து, அந்த வழிகாட்டிப் பொடியன் தொலைபேசி எடுத்து, "ஐயா, ஒரு ஐயாயிரம் திருப்பித் தாறம், பெரிசாக்காதேங்கோ" என்றான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போகவே வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். தோட்டம் பார்ப்பதற்குத் தோட்டக்காரரையே தேடிக் கேளுங்கள், எப்போது வெட்டு என்று அவர் சொல்லுவார், அந்தக் கிழமை போனால் பந்தல் கறுத்துத் தொங்கும், விலையும் சந்தையைவிடக் குறைவு. காரைநகருக்கு யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் இருந்து பஸ் இருக்கிறது. நண்டைச் சின்னக்கடையில் வாங்கி வீட்டில் கறி வையுங்கள். நாங்கள் அடுத்த கிழமை சாட்டிக் கடற்கரைக்கு அப்படித்தான் போனோம், பண்ணைப் பாலத்தால் இரண்டு ஓட்டோவில், சோற்றுப் பார்சலோடு. தங்கச்சிக்கு அந்த நாள்தான் பிடித்தது என்று பிறகு சொன்னாள்.

போத்தல் இரண்டும் எங்கள் குசினித் தட்டில் இருந்தன. ஆதாரம் என்று மனைவியை எறிய விடவில்லை நான். தங்கச்சி குடும்பம் திரும்பிப் போய் ஒரு கிழமையால், நடுச்சாமம், 'டொப்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய் லைற்றைப் போட்டால், மருமகன் திறந்து மூடிய போத்தலின் மூடி கூரைச் சிலந்தி வலையில் தொங்குகிறது, அரிசி வாளியில் இருந்து நிலம் வரைக்கும் நுரை. விடிய மருமகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இப்பதான் மாமா அது வைனாகத் தொடங்கியிருக்கு" என்று எழுதியிருந்தான். மற்றப் போத்தலை வெளியே கிணற்றடியில் வைத்திருக்கிறோம்.