ஹார்ட்மன், மார்செய்: வானில் இரண்டு வழிகள்

ஹார்ட்மன், மார்செய் இருவரும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்ட விமானிகள். இருவரும் ஓட்டியது மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானம். போரிட்ட விதமோ முற்றிலும் வேறு.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்த ஹான்ஸ்-யோவாகிம் மார்செய் குறியைக் கணிப்பதில் வல்லவர். எதிரி விமானங்கள் தற்காப்புக்காக வட்டமிடும்போது நேராக உள்ளே பாய்வார். வேகத்தைக் குறைத்துக் கூர்மையாகத் திரும்பி, எதிரி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நொடியில் வந்து சேரும் இடத்தைச் சுடுவார். 1942 செப்டம்பர் 1 அன்று மட்டும் அவர் பெயரில் 17 வெற்றிகள், அதாவது வீழ்த்திய எதிரி விமானங்கள், பதிவாயின. இந்தத் திறமையைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

கிழக்குப் போர்முனையில் எரிக் ஹார்ட்மன் அந்தச் சாகசத்தையே தவிர்த்தார். பார், முடிவெடு, தாக்கு, விலகு: அவ்வளவுதான். எதிரி விமானம் தன் முன்கண்ணாடி முழுவதையும் நிறைக்கும்வரை நெருங்கிச் சுடுவார். சூழல் சரியில்லை என்றால் தாக்காமலே விலகிவிடுவார்.

மார்செய் 158 வெற்றிகளுடன் 1942 செப்டம்பர் 30 அன்று இறந்தார். அவரை எதிரி வீழ்த்தவில்லை. இயந்திரக் கோளாறால் வெளியே குதித்தபோது விமானத்தின் வால் பகுதி மோதியது. வயது 22. ஹார்ட்மன் 352 வெற்றிகளுடன் போரைக் கடந்தார். ஆனால் அதன்பின் சோவியத் சிறைகளில் பத்தாண்டுகள் கழிந்தன. 1955இல்தான் வீடு திரும்பினார்.

அவர்கள் பறந்தது ஒரு கொடிய ஆட்சிக்காக என்பதை மறக்க முடியாது. போர் முறையை மட்டும் பார்த்தால், என் தேர்வு ஹார்ட்மன். விலகத் தெரிந்த அந்த நிதானத்தை எந்தப் புதிய விமானியும் பழகிக்கொள்ளலாம்.