ஜே-1 விசாவுக்கு ஆலோசனை நிறுவனத்தை நாடிய அனுபவம்: ஒரு மதிப்புரை

முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதியை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்பது மாதம் தங்கிச் செய்வதற்காக, ஜே-1 எனப்படும் பரிமாற்ற வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்ப வேலைகளைக் கோவையில் உள்ள வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்து, 18,000 ரூபாய் கட்டணமும் செலுத்தினேன். விசா கிடைத்துவிட்டது. ஆயினும் ஜே-1 விசாவுக்காக அந்த நிறுவனத்துக்குப் போகும்படி யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அவர்கள் நன்றாகச் செய்ததைச் சொல்ல வேண்டும். டிஎஸ்-160 என்னும் இணையப் படிவத்தை நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஏறத்தாழ இருபது நிமிடம் கை வைக்காமல் விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் அதில் தர வேண்டும். அதைவிட, நம் பெயர்களில் உள்ள தலைப்பெழுத்துச் சிக்கல் பெரியது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக உள்ளது. ஜே-1 விசாவுக்கான தகுதிச் சான்றாகப் பல்கலைக்கழகம் அனுப்பிய டிஎஸ்-2019 படிவத்திலோ என் தந்தையின் பெயர் குடும்பப்பெயராக ஏறியிருந்தது. அங்கே பணிபுரிந்த அக்கா இரண்டையும் அருகருகே வைத்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டு, "இதைத் திருத்தி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்" என்று நிறுத்தினார். பிழை அந்த இடத்திலேயே பிடிபட்டதால், செவிஸ் எனப்படும் அமெரிக்க அரசின் மாணவர், பரிமாற்ற வருகையாளர் பதிவு முறைக்கான கட்டணமான 220 டாலரையும் விசா விண்ணப்பக் கட்டணமான 185 டாலரையும் சரியான பெயரில் செலுத்த முடிந்தது. அவருடைய கவனத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

குறை இருந்தது வேறிடத்தில். அந்த நிறுவனத்துக்குப் பெரும்பாலும் பட்டப்படிப்புக்குப் போகும் எஃப்-1 மாணவர்களே வருகிறார்கள். ஜே-1 விசாவையும் அவர்கள் அதன் தம்பியாகவே பார்க்கிறார்கள். ஆனால் ஜே-1 விசாவுக்கு எஃப்-1 விசாவில் இல்லாத ஒரு நிபந்தனை உண்டு. குறிப்பிட்ட சில வகையினர், பரிமாற்றக் காலம் முடிந்தபின் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டாண்டுகள் வாழ்ந்து முடிக்கும்வரை, வேலைக்குப் போவோருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான எச் அல்லது எல் வகை விசாவோ, கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியாது. இந்த விதி மூன்று காரணங்களால் ஒருவர்மீது விழலாம்: அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ முழுமையாகவோ பகுதியாகவோ நிதி தருவது, அவருடைய துறை அவர் நாட்டுக்குத் தேவையானது என்று அமெரிக்க அரசு வெளியிடும் திறன் பட்டியலில் இருப்பது, மருத்துவ மேற்பயிற்சிக்குப் போவது. 2024 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த புதிய திறன் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. அதனால் நீங்கியது இரண்டாவது காரணம் மட்டுமே. அந்த நிறுவனமோ, "ஜே-1: இந்தியர்களுக்கு இனி இரண்டாண்டு விதி இல்லை" என்று வரவேற்பறைச் சுவரில் அச்சிட்டு ஒட்டியிருந்தது.

அப்போது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து ஓரளவு உதவித்தொகை தர முன்வந்திருந்தது. நம் மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை அதைவிடக் கூடுதல். எதை ஏற்பது என்று நேரடியாகவே கேட்டேன். பணம் எங்கிருந்து வந்தாலும் விசாவுக்கு ஒன்றுதான், கூடுதலாகக் கிடைப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் ஆலோசகர். ஏற்றுக்கொண்டேன்.

டிஎஸ்-2019 படிவம் திருத்தப்பட்டு மீண்டும் வந்த இரவு, அதை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். ஐந்தாம் பகுதியில் நிதி தருபவர் 'வருகையாளரின் அரசு' என்றும், அதற்கு எதிரே முழுத் தொகையும் பதிவாகியிருந்தன. கீழே இடப்புற மூலையில், இரண்டாண்டு விதி பொருந்துமா என்று தூதரக அதிகாரி குறிப்பதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலருக்கு எழுதினேன். அரசு நிதி என்பதால் விதி பொருந்தும் என்றே எதிர்பார்க்க வேண்டும் என்று மறுநாளே பதில் வந்தது. இதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.

எனக்கு மணம் பேசி முடித்திருந்தவர் எச்-1பி விசாவில் டெக்சஸில் வேலை செய்கிறார். திருமணத்துக்குப் பின் மனைவியாக நான் அங்கே போவதற்கான எச்-4 விசாவும் எச் வகையில்தான் அடங்கும். தடையில்லாச் சான்று பெற்று இரண்டாண்டு விதியிலிருந்து விலக்குக் கோரும் வழி இருக்கிறது. ஆனால் அது நம் அரசு அலுவலகங்கள் பலவற்றைக் கடந்து வர வேண்டிய நீண்ட வேலை. பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக்கான கெடுவும் அதற்குள் முடிந்துவிட்டது. இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசித் திருமணத் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

நேர்காணலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைரேகையும் புகைப்படமும் விசா விண்ணப்ப மையத்தில் முன்னதாகவே எடுக்கப்பட்டன. மறுநாள் அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பால் நின்ற அதிகாரி, என்ன ஆய்வு, யார் பணம் தருகிறார்கள், முடித்தபின் என்ன திட்டம் என்று மூன்றே கேள்விகள் கேட்டார். நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கி நடத்திய மாதிரி நேர்காணலில், வங்கி இருப்பையும் சொத்து மதிப்பையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவை எதுவும் கேட்கப்படவில்லை. பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது, இரண்டாண்டு விதி பொருந்தும் என்ற வரி விசாவிலேயே அச்சாகியிருந்தது.

விசாப் பக்கத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் மேலாளரைப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், வருந்துவதாகவும் சொன்னார். மாதிரி நேர்காணலுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தந்தார். இனி ஜே-1 விசாவுக்கு வருபவர்களிடம் நிதி யாருடையது என்று முதலில் கேட்கும்படியும், சுவரில் உள்ள அறிவிப்பை எடுத்துவிடும்படியும் கேட்டுக்கொண்டு வந்தேன். பயணத்துக்கு முந்தைய வாரம், காப்பீட்டுத் தாள்களை வாங்க மறுபடியும் போனபோது, அந்த அறிவிப்பு அதே இடத்தில் ஒட்டியபடியே இருந்தது.